லேய்சான் வாத்துக்கு எந்தத் தீவு? நான்கு வழிகளும் ஒரு கேள்வியும்

ஹவாயின் ஹொனலுலுவிலிருந்து வடமேற்கே சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் பெருங்கடலின் நடுவே லேய்சான் என்றொரு மணல் தீவு இருக்கிறது. பரப்பளவு ஏறத்தாழ நான்கு சதுர கிலோமீட்டர். தீவின் நடுவில் கடல்நீரைவிட உப்பு மிகுந்த ஓர் ஏரி. 2004 வரை உலகில் காட்டில் எஞ்சியிருந்த லேய்சான் வாத்துகள் அனைத்தும் அந்த ஒரே தீவில்தான் இருந்தன. அரைக் கிலோ எடைகூட வராத பழுப்பு வாத்து. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். ஒரு நூற்றாண்டுக்கு முன் பத்துப் பன்னிரண்டு பறவைகளாகச் சுருங்கிப்போய், அங்கிருந்து மீண்டு வந்த இனம் இது.

இந்த வாத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோவதா, இருக்கும் இடத்திலேயே காப்பதா என்ற கேள்விக்கு 2004இல் ஒரு பதிலும் 2014இல் அதன் தொடர்ச்சியாக இன்னொரு பதிலும் கொடுக்கப்பட்டன. ஆனால் கேள்வி முடிந்துவிடவில்லை. லேய்சானிலேயே விட்டுவைப்பது, கூண்டில் வளர்ப்பது, எலி ஒழிக்கப்பட்ட தாழ்வான தீவுகளில் குடியேற்றுவது, ஹவாயின் உயரமான பெருந்தீவுகளுக்குத் திரும்பக் கொண்டுபோவது என்று நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: ஓரிடத்தில் இந்தப் பறவையை அழிக்கக்கூடிய காரணம், மற்ற இடத்தையும் அதே நாளில் தாக்குமா? எத்தனை இடங்களில் பறவை இருக்கிறது என்ற எண்ணிக்கையை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

இருந்த இடத்திலேயே விடுவதற்கு ஆதரவாகச் சொல்ல நிறையவே இருக்கிறது. உவர் ஏரியின் கரையில் ஈக்கள் கூட்டம் கூட்டமாக மொய்க்கும். வாத்துகள் கழுத்தை நீட்டி, அலகைத் திறந்தபடி அந்தக் கூட்டத்துக்குள் ஓடி ஈக்களை அள்ளித் தின்னும். வேறெந்த வாத்திடமும் எளிதில் பார்க்க முடியாத பழக்கம் இது. குஞ்சுகளால் ஏரியின் உப்பைத் தாங்க முடியாது. ஏரியோரம் கசியும் நன்னீர் ஊற்றுகளை நம்பித்தான் அவை பிழைக்கின்றன. ஈ, ஊற்று, பதுங்குவதற்குக் கொத்துப்புல் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று நடக்கும் தொலைவில் அமைந்த இடம் லேய்சான்.

அதே தீவு இந்த வாத்தை இருமுறை சாவின் விளிம்புவரை கொண்டுபோனது. முதல் முறை மனிதர்களால். இறைச்சி வியாபாரத்துக்காக 1903 வாக்கில் கொண்டுவந்து விடப்பட்ட முயல்கள் பெருகி, தீவின் பச்சையை ஏறக்குறைய முழுவதும் தின்று தீர்த்தன. 1923இல் டானேஜர் கப்பலில் வந்த அறிவியலாளர் குழு எஞ்சியிருந்த முயல்களைக் கொன்றது. அதற்குள் தீவு மணல்வெளியாகிவிட்டது. லேய்சானுக்கே உரிய தேன்பருகிப் பறவைகளில் கடைசியாக எஞ்சியிருந்த மூன்று, அந்தக் குழு அங்கே இருந்தபோதே வீசிய மணற்புயலில் மறைந்தன. வாத்து தப்பியது; எப்படித் தப்பியது என்று யோசித்தால் திகைப்பாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் முறை யாரும் எதுவும் செய்யவில்லை. 1993இல் மழை பொய்த்தது. உணவு குறைந்தது, இரைப்பையைத் தாக்கும் ஒரு புழுவும் சேர்ந்துகொண்டது. வாத்துகளின் எண்ணிக்கை நூறளவுக்கு இறங்கியது. தீவு அப்போது முழுப் பாதுகாப்பில் இருந்தது. முயல் இல்லை, எலி இல்லை, வேட்டை இல்லை. பாதுகாப்பில் குறை வைக்காமலேயே ஓர் இனம் அழிந்துபோக முடியும் என்பதை 1993 காட்டியது. களை பறிக்கலாம், புல் நடலாம், மணல் ஏரியைத் தூர்க்காமல் பார்த்துக்கொள்ளலாம். மழையை யாராலும் கொண்டுவர முடியாது. ஒரே தீவில் மட்டும் வைத்திருப்பது என்ற வழியை நான் நிராகரிப்பதற்கு இதுவே போதும்.

கூண்டில் வளர்ப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லேய்சான் வாத்து கூண்டில் நன்றாகவே குஞ்சு பொரிக்கும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல விலங்குக் காட்சியகங்களில் இருக்கிறது. ஆனால் அவை ஒருசில மூதாதைகளின் வழிவந்தவை. பல தலைமுறைகளாகத் தட்டில் வைத்த தீனியைத் தின்று பழகியவை. ஈக்கூட்டத்துக்குள் ஓடும் வித்தையைத் தாயிடம் பார்த்திராத குஞ்சை மணல் தீவில் விடுவது நியாயமாகாது. காட்டில் எடுப்பதற்குப் பறவையே இல்லை என்னும்போது மட்டும் கூண்டு தவிர்க்க முடியாததாகிறது. மடகாஸ்கர் முக்குளி வாத்தின் கதை அப்படிப்பட்டது. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அந்த வாத்து 2006இல் மீண்டும் கண்டறியப்பட்டபோது ஒரே ஏரியில் சுமார் இருபத்தைந்து பறவைகள்தான் இருந்தன. உணவு போதாத அந்த ஏரியில் குஞ்சுகள் பெரும்பாலும் பசியால் இறந்துகொண்டிருந்தன. அதனால் 2009இல் முட்டைகளை எடுத்துவந்து வளர்த்தார்கள். அவற்றின் வழிவந்த 21 பறவைகளை 2018இல் சோஃபியா ஏரியில் விட்டார்கள். அங்கே வேறு வழி இருக்கவில்லை. லேய்சானில் சில நூறு பறவைகள் இருந்தன. காட்டிலிருந்து நேராகக் காட்டுக்கே கொண்டுபோக முடிந்தது.

அடுத்தது மிட்வே. லேய்சானிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் வடமேற்கே உள்ள பவளத்தீவு. இங்கே வாத்தைப் பற்றிப் பேசும் முன் ஒரு கானாங்கோழியைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

லேய்சானில் பறக்கத் தெரியாத ஒரு சின்னக் கானாங்கோழியும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதைச் சிலர் மிட்வேக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது நன்றாகப் பெருகியது. லேய்சானில் முயல்கள் அதன் வாழிடத்தை அழித்து, 1923 வாக்கில் அந்தப் பறவையே அங்கு இல்லாமல் போனபோதும் மிட்வேயில் அது இருந்தது. முயல்கள் ஒழிந்த பிறகு லேய்சானில் புல் மெல்ல மெல்லத் திரும்பியது. கோழிகளைத் தாய்த்தீவுக்குத் திருப்பிக் கொண்டுபோக இருபது ஆண்டு அவகாசம் இருந்தது. அந்த ஆண்டுகள் அப்படியே கழிந்தன. இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், கடற்படைக் கலங்களோடு எலிகள் மிட்வேயில் இறங்கின. 1944க்குப் பிறகு அந்தக் கானாங்கோழியை எவரும் பார்க்கவில்லை. இடம் மாற்றியது தவறில்லை. அந்த இடமாற்றம் சம்பாதித்துக் கொடுத்த காலத்தை வீணாக்கியதுதான் தவறு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. அழிவிலிருந்து மீட்டுவிட்ட ஒரு பறவையைக் கவனக்குறைவால் இழந்த கதை இது.

ஆகவே வாத்தை மிட்வேக்குக் கொண்டுபோகும் யோசனை எழுந்தபோது முதல் நிபந்தனை எலி. 1990களில் மிட்வேயின் எலிகள் ஒழிக்கப்பட்டன. அதன் பிறகு சிறு குளங்களை வெட்டினார்கள். கொத்துப்புல்லையும் கோரையையும் நட்டார்கள். 2004 அக்டோபரில் 20 வாத்துகளும் 2005 அக்டோபரில் 22 வாத்துகளும் லேய்சானில் பிடிக்கப்பட்டு, கப்பலில் மிட்வே வந்து சேர்ந்தன. திறந்தவுடன் கடல்பக்கம் பறந்துபோய்விடாமல் இருக்கச் சிறகின் இறகுகளைக் கத்தரித்தார்கள். ஒவ்வொன்றையும் பின்தொடர ரேடியோ கருவி பொருத்தினார்கள். இனப்பெருக்கக் காலம் முடிந்த பின் பிடித்தது கவனிக்கத்தக்கது. தாய்த்தீவில் அந்த ஆண்டின் குஞ்சுகளுக்குச் சேதமில்லை.

நடந்தது எல்லோரின் எதிர்பார்ப்பையும் தாண்டியது. லேய்சானில் பொதுவாக இரண்டு வயதில்தான் பெட்டைகள் முட்டையிடத் தொடங்கும். மிட்வேயில் ஒரு வயதுப் பெட்டைகளே கூடு கட்டின. ஓர் ஈட்டில் இடும் முட்டைகளும் அதிகம். சில ஆண்டுகளில் 42 பறவைகள் சில நூறுகளாயின.

இந்த விளைவிலிருந்து வாழிடத்தை மதிப்பிடுவோர் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு பறவை கடைசியாக ஒதுங்கிய இடத்தை அதற்கு மிகப் பொருத்தமான இடம் என்று நாம் எளிதில் நினைத்துவிடுகிறோம். லேய்சானைப் பார்த்து, 'இந்த வாத்துக்கு உவர் ஏரியும் ஈக்களும் கட்டாயம்' என்று எழுதி வைத்தால் மிட்வே தகுதித் தேர்விலேயே தோற்றிருக்கும். ஹவாயின் பெருந்தீவுகளில் எரிமலைக் குழம்பு குடைந்த குகைகளில் இந்த வாத்தின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் சில நீர்நிலைகளிலிருந்து விலகி, உள்நாட்டில் கிடைத்தவை. ஒருகாலத்தில் ஹவாய் முழுக்க, காடுகளில்கூட, திரிந்த பறவை இது. மனிதரும் அவர்களோடு எலிகளும் வந்த பிறகு தீவு தீவாக மறைந்து, எலி எட்டாத ஒரு மணல்திட்டில் மட்டும் எஞ்சியது. அங்கே தாக்குப்பிடித்தது உண்மை. செழித்து வாழ்ந்ததற்குச் சான்று இல்லை.

மிட்வேயின் மறுபக்கம் 2008 ஆகஸ்டில் தெரிந்தது. பாட்டுலிசம் என்னும் நச்சுநோய் பரவி, சில வாரங்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வாத்துகள் இறந்தன. இந்த நோய் பரவும் விதம் கொடுமையானது. தேங்கிய, வெப்பமான நீரில் பாக்டீரியா நஞ்சை உண்டாக்குகிறது. அதனால் ஒரு வாத்து இறக்கிறது. அதன் உடலில் ஈக்கள் முட்டையிட, புழுக்கள் நஞ்சைத் தம்முள் சேர்த்துக்கொள்கின்றன. நஞ்சு புழுக்களை ஒன்றும் செய்வதில்லை. அந்தப் புழுக்களைத் தின்னும் அடுத்த வாத்தின் கழுத்தும் கால்களும் செயலிழக்கின்றன; அதுவும் இறந்து அடுத்த சுற்றுக்குத் தீனியாகிறது. பூச்சி தின்று வாழும் பறவைக்கு இதைவிடப் பொருத்தமான பொறி கிடையாது. தடுக்கும் வழி எளியது, ஆனால் ஓயாதது: கோடைக்காலத்தில் ஒவ்வொரு குளத்தையும் நாள்தோறும் சுற்றிவந்து செத்த பறவைகளை அப்புறப்படுத்த வேண்டும்; தேங்கிய நீரைச் சீர்செய்ய வேண்டும்.

இதனால்தான் இடங்களை ஒப்பிடும்போது மண், நீர், உணவு ஆகியவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்: ஒரு பறவை செத்தால் அதை மறுநாளே காண அங்கே ஆள் இருப்பாரா? மிட்வேயில் விமானத்தளமும் நிரந்தரப் பணியாளர்களும் உண்டு. 2008இல் சாவு நூற்றுச் சொச்சத்தோடு நின்றதற்கு அதுவும் காரணம். மனிதர் வெட்டிய குளம் மனிதக் கை இல்லாமல் நெடுநாள் தாங்காது. இடம் மாற்றும் முடிவில் கையெழுத்திடுபவர்கள் ஐம்பது ஆண்டுக்கான சம்பளக் கணக்கிலும் கையெழுத்திட வேண்டும்.

பாட்டுலிசத்தை இப்படிக் கையாள முடிகிறது. 2011 மார்ச் 11 காட்டியதைக் கையாள முடியாது. ஜப்பானின் தோஹொக்கு நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை பசிபிக்கைக் கடந்து வந்து மிட்வேயின் தாழ்வான பகுதிகளை மூழ்கடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அல்பட்ராஸ் என்னும் கடற்பறவையின் குஞ்சுகள் இறந்தன. நன்னீர் ஊற்றுகளில் கடல்நீர் புகுந்தது. அழுகிய உடல்களால் நோய் அபாயமும் கூடியது. லேய்சானுக்குள்ளும் அதே அலை ஏறியது. இரண்டு தீவுகளிலுமே வாத்துகள் குறைந்தன. விதைநெல்லை இரண்டு வீடுகளில் பிரித்து வைத்துவிட்டு, இரண்டு வீடுகளும் ஒரே ஆற்றங்கரையில் இருப்பதை மறந்துவிட்டதைப் போன்ற நிலை. இரண்டு தீவுகளுக்கும் இடையே 600 கிலோமீட்டர் இருந்தும் அந்தத் தொலைவு உதவவில்லை. மிட்வேயின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து நான்கு மீட்டர் உயரம்கூட இல்லை. லேய்சானின் மிக உயர்ந்த மணல்மேடே சுமார் 12 மீட்டர்தான்; வாத்துக்கு உயிரான ஏரியோ அதற்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது.

2014இல் மிட்வேயிலிருந்து 28 வாத்துகள் சுமார் 90 கிலோமீட்டர் மேற்கே உள்ள குரே பவளத்தீவுக்குக் கொண்டுபோகப்பட்டன. அங்கே எலிகள் 1993இலேயே ஒழிக்கப்பட்டிருந்தன. வறட்சி, நோய் போன்ற உள்ளூர்க் கேடுகளுக்கு எதிராக இது நல்ல காப்பு. ஓர் ஆண்டு லேய்சானில் மழை பொய்த்தால் குரேயிலும் பொய்க்கும் என்பதில்லை. அந்த அளவுக்கு 2014இன் முடிவை நான் ஆதரிக்கிறேன். ஆனால் கடலின் கணக்கில் குரே மூன்றாவது இடம் ஆகாது. அதுவும் அதே தாழ்வான மணல். அதோடு மரபுவழிச் சிக்கலும் இருக்கிறது. லேய்சானின் வாத்துகளே பத்துப் பன்னிரண்டு பறவைகளின் வாரிசுகள். அவற்றில் 42இன் வாரிசுகள் மிட்வேயில். அவற்றில் 28இன் வாரிசுகள் குரேயில். ஒவ்வொரு தாவலிலும் மரபுக் கையிருப்பு சுருங்குகிறது. லேய்சானிலிருந்து புதிய பறவைகள் சிலவற்றை அவ்வப்போது மற்ற இரண்டிலும் சேர்க்காவிட்டால் எண்ணிக்கை மட்டும் வளரும்.

எஞ்சியிருப்பது நான்காம் வழி, உயரமான தீவுகள். அமெரிக்க மீன், காட்டுயிர்த் துறை 2009இல் வெளியிட்ட மீட்புத் திட்டமும் இந்தத் திசையைக் காட்டுகிறது. எலும்புகளின் சான்றுப்படி இது புது இடமே அல்ல. சொந்த ஊருக்குத் திரும்புதல். எந்த அலையும் தொடாத உயரம் அங்கே இருக்கிறது. ஆனால் அந்த வாத்தை அங்கிருந்து விரட்டியவையும் அங்கேயே இருக்கின்றன. எலி, பூனை, பெரும்பாலான பெருந்தீவுகளில் கீரி. லேய்சான் வாத்து ஆபத்தைக் கண்டால் பறந்து எழுவதைவிட அசையாமல் நின்றுவிடுவதையே நாடும். மேலிருந்து தாக்கும் பறவைகளிடமிருந்து அந்தப் பழக்கம் காப்பாற்றியிருக்கலாம். மோப்பம் பிடித்து வரும் பூனையின் முன்னால் அது சாவுதான். இரண்டாவது ஆபத்து கலப்பு. ஹவாயின் இன்னொரு வாத்தான கொலோவா, மனிதர் கொண்டுவந்த மல்லார்ட் வாத்துகளோடு கலந்து, பல தீவுகளில் தன் இனத்தூய்மையை இழந்துவிட்டது. லேய்சான் வாத்தும் மல்லார்டுக்கு நெருங்கிய உறவுதான்.

வேலி போட்டுக் காக்கலாமே என்பார்கள். ஒவாஹு தீவின் காயேனா முனையில் 2011இல் எலிகூட நுழைய முடியாத வேலி கட்டி, சுமார் 20 ஹெக்டேரைப் பிரித்துக் காத்து வருகிறார்கள். அங்கே அல்பட்ராஸ்கள் அமைதியாகக் குஞ்சு பொரிக்கின்றன. அல்பட்ராஸுக்கு அது பொருந்தும். கூட்டுக்கு வெளியே அதன் வாழ்வு கடலில். வாத்தின் நிலை வேறு. பூனை உள்ளே வராமல் வேலி தடுக்கும். வாத்து வெளியே போவதைத் தடுக்காது. ஒரு மழைநாளில் வேலிக்கு அப்பால் ஒரு குட்டையில் இறங்கிய வாத்து, மாலைக்குள் பூனைக்கு இரையாகிவிடும். தப்பினால் மல்லார்டோடு இணை சேரும். எனவே வேலித்துண்டுகளை நான் இரண்டாம் இடத்திலேயே வைக்கிறேன்.

முழுத் தீவாக இருக்க வேண்டும் என்றால் என் பார்வை கஹோலாவேயின் மேல் விழுகிறது. ஹவாயின் மவுயித் தீவுக்குத் தென்மேற்கே, சுமார் 117 சதுர கிலோமீட்டர், உச்சி 450 மீட்டர். குடியிருப்பு இல்லை, கீரி இல்லை. பல பத்தாண்டுகள் அமெரிக்கக் கடற்படையின் குண்டுவீச்சுப் பயிற்சிக் களமாகக் கிடந்து, 1990இல் குண்டுவீச்சு நின்று, 1994இல் ஹவாய் மாநிலத்திடம் திரும்பிய தீவு. குறைகளும் பெரியவை. பூனையும் எலியும் இருக்கின்றன. வறண்ட நிலம்; நீர் ஆதாரத்தை உருவாக்கிப் பராமரிக்க வேண்டும். வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணில் இருப்பதால் பூனைப்பொறி வைக்கப் போகும் ஆள் நினைத்த இடத்தில் காலூன்ற முடியாது. ஹவாயின் பூர்விக மக்களுக்கு அது புனித நிலம்; அவர்களுக்காகவே பொறுப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் முழுமனதோடு இசையாமல் ஒரு கூண்டுகூட அங்கே இறங்கக் கூடாது.

இத்தனை குறைகளையும் எழுதிவிட்டு அதையே தேர்கிறேன். லேய்சான், மிட்வே, குரே மூன்றின் குறையும் ஒன்றே. கடல் உயர உயர அந்தக் குறை வளரும், அதற்கு மருந்தில்லை. கஹோலாவேயின் குறைகள் வேறு வகை. பூனையை ஒழிக்க முடியும், எலியை ஒழிக்க முடியும், குளம் வெட்ட முடியும். பணமும் பல ஆண்டு உழைப்பும் வேண்டும், அவ்வளவே. தீர்க்க முடிந்த குறைகள் பல இருந்தாலும், தீர்க்க முடியாத ஒன்றைவிட அவை மேல்.

அதற்காக மிட்வேயையோ குரேயையோ கைவிடச் சொல்லவில்லை. உயரமான தீவு தயாராகும்வரை இனத்தைத் தாங்கப்போவது அவைதான். குளங்களைச் சுற்றும் ஆட்களின் எண்ணிக்கையில் ஒருவரைக்கூடக் குறைக்கக் கூடாது. ஆனால் 'மிட்வேயில் நன்றாகத்தான் இருக்கிறதே' என்ற நிம்மதிதான் கானாங்கோழியின் இருபது ஆண்டுகளைத் தின்றது. ஆகவே கஹோலாவே வேலையைத் தாழ்வான தீவுகளில் அடுத்த சரிவு வரும்வரை தள்ளிப்போடக் கூடாது. மக்களின் இசைவு கேட்கும் பேச்சிலிருந்தே இப்போது தொடங்க வேண்டும்.

விடும் நாள் வரும்போது பின்பற்ற வேண்டிய நிபந்தனைகளையும் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பூனையின் தடம் பதிந்த பின் தீவில் தொடர்ந்து சில பருவங்கள் எந்தத் தடயமும் தென்படாமல் இருக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் திரியும் மல்லார்டுகளைக் கண்காணித்து அகற்ற ஆள் இருக்க வேண்டும். முதல் தொகுதியை மிட்வேயிலிருந்து மட்டும் எடுக்காமல், லேய்சான் பறவைகளையும் சேர்த்து, இனப்பெருக்கம் முடிந்த இலையுதிர் காலத்தில், அந்த ஆண்டுப் பிறந்த இளம் பறவைகளாகப் பிடிக்க வேண்டும். தாய்த்தீவுகளின் முட்டையிடும் பெட்டைகளைத் தொடக் கூடாது. லேய்சானில் வறட்சி ஆண்டு என்றால் அந்த ஆண்டு அங்கே ஒரு பறவையையும் பிடிக்காமல் காத்திருக்க வேண்டும். விட்ட பறவைகளில் முதல் இரண்டு ஆண்டுகளில் பாதிக்கு மேல் பூனையாலோ எலியாலோ இறந்தால் அடுத்த தொகுதியை நிறுத்திவிட்டு, மறுபடி தீவைச் சுத்தம் செய்யும் வேலைக்குத் திரும்ப வேண்டும். பறவைகளை விடுவதற்கு முன்பே இந்த வரம்பை எழுதிக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும்.